55 டிகிரிக்கு ஒரு சொல்

நியூயார்க்கிலோ லண்டனிலோ ஓர் உணவகத்தில் உட்கார்ந்து ஸ்டேக் வேண்டும் என்று சொன்னால், சர்வர் அதைக் குறித்துக்கொண்டு உடனே போய்விட மாட்டார். நின்று இன்னொரு கேள்வி கேட்பார்: "ஹவ் உட் யூ லைக் இட்?" புதிதாகப் போனவர்கள் தடுமாறும் இடம் இது. நன்றாக இருக்க வேண்டும், வேறென்ன சொல்வது என்று தோன்றும். அவர் எதிர்பார்ப்பது ஆறு விடைகளில் ஒன்றை: ப்ளூ, ரேர், மீடியம் ரேர், மீடியம், மீடியம் வெல், வெல் டன்.

ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிப் புத்தகங்கள் இவற்றைப் பட்டியலாகக் கொடுத்து, பக்கத்தில் 'அரைவேக்காடு', 'முக்கால் வேக்காடு' என்று பொருளும் எழுதிவிடுகின்றன. பொருளில் தப்பில்லை. ஆனால் விஷயத்தில் பாதிகூட அதற்குள் வரவில்லை. இந்த ஆறு சொற்களும் ஆறு வெப்பநிலைகளின் பெயர்கள். வெப்பமானி சமையலறைக்குள் நுழைவதற்கு வெகுகாலம் முன்பே, இறைச்சியை விரலால் அழுத்தியும் வெட்டிப் பார்த்தும் சமையல்காரர்கள் அடையாளம் கண்டு பெயர் வைத்த வெப்பநிலைகள். பிற்காலத்தில் வேதியியலாளர்கள் வந்து அளந்து பார்த்தபோது, ஒவ்வொரு பெயருக்கும் அடியில் ஒரு மூலக்கூறு நிகழ்ச்சி இருந்தது தெரிந்தது. எனக்கு இது பெரிய வியப்பாகவே இருக்கிறது.

முதலில் எண்களைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் செல்சியஸில், துண்டின் நட்டநடுவில் எடுத்த வெப்பம். ப்ளூ என்றால் சுமார் 46 டிகிரி. ரேர் 50-லிருந்து 52. மீடியம் ரேர் 55-ஐ ஒட்டி. மீடியம் 60-ஐ ஒட்டி. மீடியம் வெல் 65-லிருந்து 68. எழுபதைத் தாண்டினால் வெல் டன். உணவகத்துக்கு உணவகம் ஓரிரு டிகிரி முன்பின் இருக்கும். முழு ஏணியும் 25 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துப் படிகளுக்கு நடுவே ஐந்தாறு டிகிரிதான். அந்த ஐந்தாறு டிகிரிக்குள் அப்படி என்ன நடக்கிறது?

தசை என்பது நான்கில் மூன்று பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம். ஒவ்வொரு புரதமும் ஒரு நீண்ட சங்கிலி. தனக்கென்று ஒரு வடிவத்தில் மடிந்து கிடப்பது. சூடு ஏறினால் மடிப்பு அவிழ்கிறது. அவிழ்ந்த சங்கிலிகள், பூனையின் கையில் அகப்பட்ட நூல்கண்டுகளைப் போல ஒன்றோடொன்று சிக்கி இறுகுகின்றன. நாம் 'வெந்துவிட்டது' என்று சொல்வது இந்தச் சிக்கலைத்தான். இதில் முக்கியமான சங்கதி, எல்லாப் புரதங்களும் ஒரே வெப்பத்தில் அவிழ்வதில்லை என்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு உண்டு.

தசையைச் சுருங்கி விரிய வைக்கும் இரண்டு பெரிய புரதங்கள் மையோசின், ஆக்டின். மையோசின் 50 டிகிரியை ஒட்டி அவிழ்ந்து இறுகுகிறது. பச்சை இறைச்சியின் வழவழப்பு போய், கடித்தால் துண்டாகிற பதம் வருவது அப்போதுதான். ரேர் என்ற சொல் நிற்கிற இடம் அது. 60-ஐத் தாண்டும்போது, தசைநார்களை உறையாகச் சுற்றியிருக்கும் கொலாஜன் சுருங்கத் தொடங்குகிறது. உறை சுருங்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் பிதுங்கி வெளியேறும். ஆகவே 60-க்கும் 65-க்கும் நடுவில் துண்டு கண்ணுக்குத் தெரிகிற அளவில் சிறுத்துப்போகிறது, சாறும் குறைகிறது. அதற்கு மேலே ஆக்டினும் இறுகிவிட்டால் மீதி ஈரமும் போய், மெல்ல மெல்ல வாய் வலிக்கும். ஸ்டேக் பிரியர்களில் பலர் மீடியம் ரேரில் போய் நிற்பதற்குக் காரணம் பழக்கமோ பெருமையோ மட்டும் இல்லை. மையோசின் இறுகிவிட்டது, கொலாஜன் இன்னும் பிழியத் தொடங்கவில்லை, ஆக்டின் தொடப்படவே இல்லை என்கிற குறுகலான இடைவெளி அந்த 55 டிகிரி. அதற்கென்று தனியாக ஒரு பெயர் வைத்தவர்களுக்கு மையோசின் என்ற பெயரே தெரியாது.

ரேர் துண்டை வெட்டும்போது தட்டில் சிவப்பாக ஒரு நீர் வடியும். பலர் அதை ரத்தம் என்று நினைத்து முகம் சுளிக்கிறார்கள். ரத்தம் இல்லை. அறுத்த உடனேயே ரத்தம் பெரும்பாலும் வடிந்து போய்விடுகிறது. தட்டில் தெரிவது தசையின் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் மையோகுளோபின் என்ற புரதம்தான் சிவப்பைத் தருகிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமந்து வருகிறதென்றால், தசைக்குள் அதை வாங்கிச் சேமித்து வைப்பது மையோகுளோபின். அதன் நடுவில் ஓர் இரும்பு அணு இருக்கிறது. நிறம் அதனால் வருகிறது. ஓயாமல் வேலை செய்யும் தசைக்குச் சேமிப்பு அதிகம் வேண்டும், அதனால் நிறமும் அடர்த்தியாக இருக்கும். நிற்பதும் நடப்பதுமாக இருக்கும் கோழியின் தொடைக்கறி கருத்தும், எப்போதாவது சிறகடிக்கும் அதன் நெஞ்சுக்கறி வெளுத்தும் இருப்பது இதனால்தான். இதன் உச்சம் திமிங்கிலம். ஒரு மணி நேரம்வரை மூச்சை அடக்கிக்கொண்டு ஆழ்கடலில் இறங்கும் எண்ணெய்த் திமிங்கிலத்தின் தசை ஏறக்குறையக் கறுப்பாகவே இருக்கும். அவ்வளவு மையோகுளோபின். கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூ ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை மனித வரலாற்றில் முதன்முறையாக 1958-இல் கண்டுபிடித்தபோது, அவர் எடுத்துக்கொண்டது அந்தத் திமிங்கிலத்தின் மையோகுளோபினைத்தான். 1962-இல் மாக்ஸ் பெரூட்ஸோடு சேர்ந்து அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு ஸ்டேக் தட்டில் வடியும் சிவப்பு நீரும் புரத அறிவியலின் தொடக்கமும் ஒரே மூலக்கூறைச் சேர்ந்தவை.

மையோகுளோபினும் புரதமாயிற்றே, அதற்கும் வெப்ப வரம்பு உண்டு. 55 டிகிரியில் அது பெரும்பாலும் கலையாமல் இருக்கிறது, வெட்டுமுகம் சிவப்பு. 60-ஐத் தாண்டியதும் கலையத் தொடங்குகிறது, ரோஜா நிறம். 70-ஐத் தாண்டினால் இரும்பு அணுவின் நிலையே மாறி, எல்லாம் சாம்பல் கலந்த பழுப்பு. சர்வர் சொல்லும் ஆறு சொற்களைச் சமையல்காரர் கண்ணால் சரிபார்க்க முடிவது இந்த ஒரு மூலக்கூறின் உபயத்தால்.

இந்தச் சொற்கள் எல்லாம் நடுப்பகுதியைப் பற்றியவை என்றேன். வெளிப்புறத்தின் கதை வேறு. அங்கே வெப்பம் 140-ஐத் தாண்ட வேண்டும். அந்தச் சூட்டில் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து, பழுப்பு நிறமும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களும் பிறக்கின்றன. லூயி கமீல் மையார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் இதை முதன்முதலில் விவரித்தார். சமையலைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. உயிரினங்களில் புரதங்கள் எப்படி உருவாகின்றன என்று தேடிக்கொண்டிருந்தார். மெனுவில் சியர்டு, க்ரில்டு, ரோஸ்டட், டோஸ்டட் என்று எந்தச் சொல் வந்தாலும் அதற்குள்ளே இருப்பது மையாரின் வினை. நம்மூர் ஓட்டலில் நெய் ரோஸ்ட் கேட்கும்போது நாம் கேட்பதும் அதையேதான். ஈரம் இருக்கும்வரை ஒரு பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் தண்ணீரில் வேகவைத்த எதுவும் அப்படிச் சிவக்காது. பாய்ல்டு, போச்ட், ஸ்டீம்டு என்று எழுதியிருந்தால் நிறத்தையும் அந்த மணத்தையும் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு நல்ல ஸ்டேக்கில் ஆக, மேற்பரப்பு 140-க்கு மேலே, இரண்டு சென்டிமீட்டர் உள்ளே 55. இவ்வளவு சிறிய தூரத்தில் இவ்வளவு பெரிய வெப்ப வித்தியாசத்தை நிறுத்தி வைப்பதுதான் க்ரில் முன்னால் நிற்பவரின் திறமை. மேலே சிவக்க வறுத்தால் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் சொன்னார். பெரிய மனிதர் சொன்னதால் சமையல் புத்தகங்களில் அது நிலைத்துவிட்டது. எடை போட்டுப் பார்த்தால், வறுத்த துண்டும் வறுக்காத துண்டும் ஏறக்குறைய ஒரே அளவு ஈரத்தை இழக்கின்றன. கல்லில் போட்டதும் வருகிற 'சொய்ங்' சத்தம், தண்ணீர் ஆவியாகி வெளியேறும் சத்தம் அல்லவா? சாறு அடைபட்டிருந்தால் சத்தம் ஓய்ந்திருக்க வேண்டும். சிவக்க வறுப்பது சுவைக்காக, மணத்துக்காக. அதுவே போதிய காரணம்.

இந்த வேக்காட்டுச் சொற்களைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. சர்வர் எதற்குக் கேட்கிறார் என்பதைப் போலவே, எதற்குக் கேட்பதில்லை என்பதிலும் அறிவியல் இருக்கிறது.

கோழிக்குக் கேட்பதில்லை. எந்த நாட்டு ஆங்கிலத்திலும் "சிக்கன், மீடியம் ரேர்" என்ற ஆர்டர் வழக்கத்தில் இல்லை. முழுத் துண்டு மாட்டிறைச்சியில் கிருமிகள் இருந்தால் அவை பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். க்ரில்லின் சூடு அவற்றைத் தீர்த்துவிடும், உள்ளே 55 இருந்தாலும் ஆபத்து குறைவு. கோழியில் சால்மொனெல்லா போன்றவை அதிகம். அமெரிக்க வேளாண்துறை கோழிக்குச் சொல்லும் வரம்பு 74 டிகிரி. மாட்டிறைச்சியின் முழுத் துண்டுக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும். அரைத்த இறைச்சிக்கு 71. அரைக்கும்போது மேற்பரப்பில் இருந்தது எல்லாம் நடுவுக்குப் போய்விடுகிறது அல்லவா, அதனால்தான் இந்த வித்தியாசம். 1993-இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத பர்கர்களில் இருந்த ஈ.கோலை கிருமியால் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு பர்கரின் வேக்காடு அங்கே அரசு கவனிக்கும் விஷயமாயிற்று. அந்நாட்டு மெனு அட்டைகளின் அடியில் பொடி எழுத்தில் 'அண்டர்குக்டு' என்ற சொல் வரும் ஒரு வாக்கியம் இருக்கும்: பச்சையாகவோ குறைவேக்காட்டிலோ இறைச்சி, மீன், முட்டை சாப்பிட்டால் நோய்வாய்ப்படும் வாய்ப்பு கூடும் என்கிற எச்சரிக்கை. கர்ப்பிணிகளும் முதியவர்களும் சிறு குழந்தைகளோடு போகிறவர்களும் மற்ற எந்தச் சொல்லைக் கற்காவிட்டாலும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ப்ரேஸ்டு, ஸ்டூடு, ஸ்லோ குக்டு என்று எழுதியிருக்கும் உணவுகளுக்கும் கேள்வி வராது. அங்கே விடை ஒன்றுதான். கால், கழுத்து போன்ற, அதிகம் உழைத்த பாகங்களில் கொலாஜன் மிகுதி. 70 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் வைத்தால், முதலில் சுருங்கிப் பிழிந்த அதே கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறும்; நார்கள் பிரிந்து வழவழவென்று உதிரும். வேகமாகச் சமைத்தால் எதிரியாக இருப்பது, பொறுமையாகச் சமைத்தால் சுவையைத் தாங்குகிறது. ஆட்டுக்கால் பாயாவை விரும்புகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'ரெஸ்டாரன்ட்' என்ற சொல்லே இப்படிப்பட்ட ஒரு கொதிசாற்றின் பெயர்தான். 1760-களின் பாரிஸில், இறைச்சியை நெடுநேரம் கொதிக்கவைத்து இறக்கிய, இழந்த தெம்பை மீட்டுத் தரும் சூப்புக்கு அந்தப் பெயர் இருந்தது. அதை விற்ற இடங்களுக்கும் பிறகு அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

காலை உணவுக்கு வருவோம். அமெரிக்க டைனர்களில் கேள்வி முட்டைக்கு மாறும்: "ஹவ் உட் யூ லைக் யுவர் எக்ஸ்?" விடைகள் இன்னும் நுணுக்கமானவை. சன்னி சைடு அப் என்றால் ஒரு பக்கம் மட்டும் வெந்து, மஞ்சள் கரு மேலே பளபளத்துக்கொண்டிருக்கும். ஓவர் என்றால் திருப்பிப் போட்டது. திருப்பி ஒரு கணம் மட்டும் வைத்து, கரு ஒழுகும் நிலையில் எடுத்தால் ஓவர் ஈஸி. கரு கூழ்ப்பதமானால் ஓவர் மீடியம். முழுக்க இறுகினால் ஓவர் ஹார்டு. ஓட்டோடு வேகவைத்தால் ஸாஃப்ட் பாய்ல்டு, ஹார்டு பாய்ல்டு. உடைத்துத் தண்ணீரில் விட்டால் போச்ட். கலக்கி வறுத்தால் ஸ்க்ராம்பிள்டு.

'ரேர்' என்ற சொல் ஆங்கிலத்தில் முதலில் முட்டைக்குத்தான் இருந்தது என்பதை இங்கே சொல்ல வேண்டும். 'அபூர்வம்' என்று பொருள்படும் ரேருக்கும் இதற்கும் உறவே இல்லை. பழைய ஆங்கிலத்தில் லேசாக வெந்த முட்டையைக் குறித்த ஒரு சொல், உச்சரிப்பு மாறி, பின்னாளில் இறைச்சிக்கு இடம்பெயர்ந்தது. வேதியியல் கண்ணால் பார்த்தால் அந்த இடப்பெயர்ச்சி மிகப் பொருத்தம். இரண்டிலும் நடப்பது ஒரே வேலை: புரதம் அவிழ்ந்து சிக்குவது.

முட்டையில் ஒரு விசித்திரமான சங்கடம் உண்டு. வெள்ளைக்கருவில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர், மீதி பலவகைப் புரதங்கள். அவற்றில் ஓவோடிரான்ஸ்ஃபெரின் 62 டிகிரியை ஒட்டி இறுகத் தொடங்குகிறது. ஆனால் வெள்ளைக்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் இறுக 80 டிகிரி வேண்டும். மஞ்சள் கருவோ 65-இல் கெட்டியாகத் தொடங்கி 70-இல் இறுகிவிடுகிறது. அதாவது முட்டை முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்கினால், வெள்ளை உறுதியாகும் முன்பே மஞ்சள் இறுகிவிடும். ஜப்பானில் வெந்நீர் ஊற்றுகளில் முட்டையைப் போட்டு வைப்பார்கள். ஊற்றின் வெப்பம் 70-ஐ ஒட்டியே இருக்கும். உடைத்தால் மஞ்சள் கரு பதமாகத் திரண்டிருக்கும், வெள்ளை பால்போல் தளும்பும். நாம் விரும்புவது பெரும்பாலும் இதற்கு நேரெதிரானது: உறுதியான வெள்ளை, ஒழுகும் மஞ்சள். அது சாத்தியமாவது சூடு வெளியிலிருந்து உள்ளே போக நேரம் எடுப்பதால் மட்டுமே. வெள்ளை 80-ஐத் தொட்டுவிட்டது, மஞ்சளுக்கு 65 இன்னும் வந்து சேரவில்லை என்ற அந்தச் சில நொடிகளில் தோசைத்திருப்பி உள்ளே போக வேண்டும். ஓவர் ஈஸி என்று இரண்டே சொல்லில் கேட்டுவிடுகிறோம். கல்லின் முன்னால் நிற்பவர் அதைக் காலத்தோடு போட்டியிட்டுத்தான் செய்கிறார். சன்னி சைடு அப்பில் இன்னும் சிரமம். சூடு கீழிருந்து மட்டும் வருவதால், மஞ்சளைச் சுற்றி நிற்கும் வெள்ளை கடைசியில்தான் இறுகும். சிலர் மூடி போடுவார்கள். சிலர் சூடான கொழுப்பைக் கரண்டியால் அள்ளி மேலே விடுவார்கள்.

2025-இல் நேப்பிள்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சங்கடத்தைக் கணக்குப் போட்டே தீர்த்துக் காட்டினார்கள். முட்டையைக் கொதிநீரில் இரண்டு நிமிடம், 30 டிகிரித் தண்ணீரில் இரண்டு நிமிடம் என்று மாற்றி மாற்றி 32 நிமிடங்கள் வைத்தார்கள். வெளியே இருக்கும் வெள்ளை சூட்டையும் குளிர்ச்சியையும் மாறி மாறிக் கண்டு நன்றாக வெந்தது. உள்ளே மஞ்சள் கரு, இரண்டுக்கும் இடைப்பட்ட 67 டிகிரியிலேயே அமைதியாக நின்று, வெண்ணெய்ப் பதத்தில் திரண்டது. எந்த டைனரிலும் ஒரு முட்டைக்கு 32 நிமிடம் ஒதுக்க மாட்டார்கள். ஆனாலும், அன்றாட முட்டைக்காக வெப்பப் பரவலின் சமன்பாடுகளைத் தீர்க்க உட்கார்ந்த அந்த அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இங்கே ஒரு தகவல். தமிழ்நாட்டுப் பரோட்டாக் கடைகளில் ஹாஃப் பாயில் என்றால் கல்லில் ஊற்றி ஒரு பக்கம் வெந்த முட்டை. ஃபுல் பாயில் என்றால் திருப்பிப் போட்டு முழுக்க வெந்தது. இரண்டிலும் தண்ணீரே கிடையாது. வெளிநாட்டு உணவகத்தில் பாய்ல்டு என்ற ஒலி காதில் விழுந்ததும் ஓட்டோடு முட்டையைத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். நம் ஹாஃப் பாயில் வேண்டுமானால் சன்னி சைடு அப் என்றும், ஃபுல் பாயில் வேண்டுமானால் ஓவர் ஹார்டு என்றும் கேட்க வேண்டும். கொங்குப் பக்கத்துக் கலக்கிக்கு ஆங்கிலத்தில் சரியான இணை இல்லை. ஸாஃப்ட் ஸ்க்ராம்பிள்டு ஓரளவு கிட்டே வரும்.

ஒழுகும் கருவைச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு நாட்டுக்கு நாடு விடை மாறுகிறது. பிரிட்டனில் 1980-களின் இறுதியில் முட்டையில் சால்மொனெல்லா என்று பெரும் பீதி. 1998-இல் அங்கே கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, முட்டை ஓட்டின்மேல் சிங்க முத்திரை குத்தும் திட்டம் தொடங்கியது. 2017-இல் அந்நாட்டு உணவுத் தர முகமை, சிங்க முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூட ஒழுகும் கருவோடு சாப்பிடலாம் என்று அறிவித்தது. அத்தகைய ஏற்பாடு இல்லாத ஊர்களில், உடல் பலவீனமானவர்கள் ஓவர் ஹார்டு பக்கமே நிற்பது நல்லது.

தாய்லாந்து உணவகத்திலோ இந்திய உணவகத்திலோ கேள்வி வேறு மாதிரி வரும்: மைல்டா, மீடியமா, ஹாட்டா? இந்த மீடியத்துக்கும் ஸ்டேக்கின் மீடியத்துக்கும் சம்பந்தம் இல்லை. இது காரத்தின் அளவு. சூட்டுக்கும் காரத்துக்கும் நமக்கு இரண்டு சொற்கள். ஆங்கிலம் இரண்டையும் 'ஹாட்' என்ற ஒரே சொல்லில் அடக்குகிறது. டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் கண்டுபிடித்ததைப் பார்த்தால், நரம்புக்கும் அவை இரண்டும் ஒன்றுதான். நம் நாக்கின் நரம்பு நுனிகளில் இருக்கும் டிஆர்பிவி1 என்ற புரதவாயில் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறந்து, சுடுகிறது என்று மூளைக்குச் சொல்கிறது. மிளகாயின் காப்சாய்சின் அதே வாயிலில் போய் உட்கார்ந்து, சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது. ஐஸ்கட்டியோடு பச்சை மிளகாயைக் கடித்தாலும் எரிவது அதனால்தான். இந்தக் கண்டுபிடிப்புக்காக 2021-இல் மருத்துவ நோபல் பரிசை அவர் ஆர்டெம் படபூட்டியனோடு பகிர்ந்துகொண்டார். ஒரு நடைமுறைக் குறிப்பு: வேக்காட்டுச் சொற்களுக்கு இருக்கும் டிகிரிக் கணக்கு உணவகக் காரத்துக்குக் கிடையாது. வில்பர் ஸ்கோவில் 1912-இலேயே மிளகாய்க்கு ஓர் அளவுகோல் செய்துவிட்டார். சமையலறைகள் அதைப் பின்பற்றுவதில்லை. ஓர் ஊரின் ஹாட் இன்னோர் ஊரின் மைல்டு.

தண்ணீர்க் கேள்வியும் உண்டு: "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" ஸ்டில் என்றால் சாதா பாட்டில் தண்ணீர், ஸ்பார்க்ளிங் என்றால் கரியமில வாயு கரைத்தது. இரண்டுக்கும் காசு உண்டு. குழாய்த் தண்ணீர் போதுமென்றால் "டேப் வாட்டர், ப்ளீஸ்" என்று சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஸ்பார்க்ளிங்கின் சுருக்கென்ற உணர்வைக் குமிழிகள் தருவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் ஓர் ஆய்வில், குமிழியே எழ முடியாத உயர் அழுத்த அறையில் சிலரை உட்காரவைத்துக் குடிக்கக் கொடுத்தபோதும் சுருக்கென்றே இருந்தது. நாக்கில் ஒரு நொதி கரியமில வாயுவை அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலத்தைத்தான் உணர்கிறோம். மலையேறுபவர்கள் உயர நோய்க்கு எடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை அதே நொதியைத் தடுக்கிறது. சிகரம் தொட்டு இறங்கிக் கொண்டாடக் குடிக்கும் ஷாம்பெயின் அவர்கள் வாயில் சப்பென்று இருப்பதற்கு அதுவே காரணம்.

கேட்டது ஒன்று, தட்டில் வந்தது வேறொன்று என்றால் என்ன செய்வது? தயங்காமல் சொல்லலாம். "குட் யூ குக் திஸ் எ லிட்டில் மோர், ப்ளீஸ்?" என்று கேட்டால், முகம் கோணாமல் எடுத்துப் போவார்கள். மீடியம் கேட்டு ரேர் வந்திருந்தால் க்ரில்லில் இரண்டு நிமிடம் போதும், நடுப்பகுதி 60-ஐ எட்டி, கொலாஜனும் சுருங்கத் தொடங்கிவிடும். எதிர்ப்பக்கம் அந்த வழி இல்லை. அவிழ்ந்து சிக்கிய புரதங்கள் சூடு ஆறியதும் பழைய மடிப்புக்குத் திரும்புவதில்லை. 2015-இல் கலிஃபோர்னியாவையும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்த வேதியியலாளர்கள், 20 நிமிடம் வேகவைத்த முட்டை வெள்ளையை யூரியாவில் கரைத்து, மிக வேகமாகச் சுழலும் ஒரு குழாய்க்குள் செலுத்தி, அதில் சிறு பங்காக இருக்கும் லைசோசைம் என்ற புரதத்தை மட்டும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். மருந்துத் தயாரிப்புக்கு அது பெரிய உதவி. தட்டில் இருக்கும் வெல் டன்னை அதனால் மீடியம் ரேராக்க முடியாது. ஆகவே எதைக் கேட்பதென்று நிச்சயமில்லாதவர்கள் ஒரு படி கீழேயே கேட்பது நல்லது, வேண்டுமானால் ஏற்றிக்கொள்ளலாம். அதிகம் வெந்துவிட்டதென்று திருப்பி அனுப்பினால், சமையலறையில் புதிதாக ஒரு துண்டை எடுத்துக் கல்லில் போடுவார்கள். அது வந்து சேரக் கால் மணி நேரமாவது பிடிக்கும்.